ஆக்சியான்: கரும்பொருளை ரேடியோ மாதிரி திருகித் தேடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கரும்பொருள் இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

கரும்பொருள் என்பது ஒளி விடாத, கண்ணுக்குத் தெரியாத பொருள். ஈர்ப்பை வைத்துத்தான் அது இருப்பதாகச் சொல்கிறார்கள். சுழல் விண்மீன் திரள்களின் வெளி ஓரத்தில் இருக்கும் விண்மீன்களும் வாயுவும், கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பு மட்டும் இருந்தால் சுற்ற வேண்டியதைவிட வேகமாகச் சுற்றுகின்றன. 1970களில் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் இதைத் திரள் திரளாக அளந்து காட்டினார்கள். பிறகு ஈர்ப்பு வில்லை (ஈர்ப்பால் ஒளி வளைவது), பிரபஞ்ச நுண்ணலைப் பின்னணி (ஆரம்ப காலப் பிரபஞ்சத்தின் எச்ச ஒளி) என்று தனித்தனி வழிகளில் கணக்குப் போட்டாலும் விடை ஒன்றாகவே வந்தது. பிரபஞ்சத்தின் மொத்த ஆற்றலில் சாதாரணப் பொருள் சுமார் 5 சதவீதம், கரும்பொருள் சுமார் 27 சதவீதம். அது என்ன துகள் என்பது மட்டும்தான் பாக்கி.

அது எங்கோ தொலைவில் இருப்பதுதானே? இங்கே, நம் அறையில் எவ்வளவு இருக்கும்?

நாம் இருக்கும் பகுதியில் அதன் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 0.3 முதல் 0.45 கிகா எலக்ட்ரான்வோல்ட் (துகள்களின் ஆற்றலையும் நிறையையும் சொல்லும் அலகு). ஆக்சியான் (கரும்பொருளாக இருக்கலாம் என்று கருதப்படும் மிக லேசான துகள்) தேடுபவர்கள் பெரும்பாலும் 0.45 என்று வைத்துக்கொள்கிறார்கள். 200 மில்லி பிடிக்கும் காபி டம்ளருக்குள் 90 கிகா எலக்ட்ரான்வோல்ட், அதாவது சுமார் 96 ஹைட்ரஜன் அணுக்களின் எடை. பூமியின் கனஅளவு முழுவதையும் எடுத்துக்கொண்டாலும் ஒரு கிலோ தேறாது. ஏறத்தாழ 870 கிராம்.

அந்த எடை எத்தனை துகள்களாகப் பிரிந்திருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் தேடும் கருவியே மாறுகிறது. துகள் ஒன்றின் நிறை 100 கிகா எலக்ட்ரான்வோல்ட் என்றால் டம்ளருக்கு ஒன்றுதான் இருக்கும். 3 மைக்ரோ எலக்ட்ரான்வோல்ட் என்றால் அதே டம்ளரில் 300 கோடி கோடி. முன்னதற்கு "எப்போது வந்து மோதும்?" என்று காத்திருக்க வேண்டும். பின்னதில் தனித்தனித் துகள் என்ற பேச்சே பொருளற்றது. அதை அலையாகத்தான் பார்க்க முடியும்.

வேட்பாளர்கள் யார் யார்?

பட்டியல் நீளம். முக்கியமானவர்கள் மூவர்.

முதலாவது விம்ப். கனமானது, சாதாரணப் பொருளோடு மிக அரிதாக மோதுவது. அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் சுமார் 1.5 கி.மீ. ஆழத்தில் 10 டன் திரவ செனானை வைத்துக்கொண்டு எல்இசட் என்ற சோதனை இதற்காகக் காத்திருக்கிறது. இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கடியில் செனான்-என்டி. இரண்டிலும் இதுவரை விம்ப் சிக்கவில்லை.

இரண்டாவது ஸ்டெரைல் நியூட்ரினோ. சாதாரண நியூட்ரினோவைவிடவும் ஒதுங்கி நிற்கும் ஒரு கற்பனைத் துகள், சிதைந்தால் எக்ஸ் கதிர் தரும். நிறை சில கிலோ எலக்ட்ரான்வோல்ட். 2014-இல் விண்மீன் திரள் கொத்துகளின் எக்ஸ் கதிரில் 3.5 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில் ஒரு மெல்லிய கோடு தெரிந்தபோது இதன் பெயர் உரக்கக் கேட்டது. 2016-இல் ஹிட்டோமி செயற்கைக்கோள் பெர்சியஸ் கொத்தை நுட்பமாகப் பார்த்தபோது அந்தக் கோடு தென்படவில்லை.

மூன்றாவது ஆக்சியான். இந்தப் பக்கம் முழுவதும் அதைப் பற்றியதுதான். மற்ற இரண்டும் பெரும்பாலும் கரும்பொருளை மனதில் வைத்துப் பேசப்படுபவை. ஆக்சியான் வேறு ஒரு சிக்கலைத் தீர்க்க வந்தது. கரும்பொருளாகவும் பொருந்தியது தற்செயல். இந்தத் தற்செயல்தான் எங்களை அதன் பக்கம் இழுக்கிறது.

அந்த "வேறு சிக்கல்" என்ன?

நியூட்ரான் ஏன் இத்தனை சமச்சீராக இருக்கிறது என்பது.

நியூட்ரானுக்கு மொத்த மின்னூட்டம் இல்லை. ஆனால் உள்ளே +2/3, −1/3, −1/3 என்று மூன்று குவார்க்குகள் இருக்கின்றன. நேர் மின்னூட்டம் ஒரு பக்கமும் எதிர் மின்னூட்டம் மறுபக்கமும் கொஞ்சமாவது ஒதுங்கியிருக்க வேண்டும். குவார்க்குகளைக் கட்டிவைக்கும் வலுவிசையின் சமன்பாடுகள் அப்படி ஒதுங்க அனுமதிக்கின்றன. அந்தச் சமன்பாட்டில் தீட்டா என்று ஒரு கோணம் வருகிறது. அது பூஜ்யம் முதல் 360 பாகை வரை எதுவாகவும் இருக்கலாம். அது நடுத்தரமான ஏதோ ஒரு மதிப்பாக இருந்தால் அந்த ஒதுக்கம் சுமார் 10⁻¹⁶ செ.மீ. இருந்திருக்கும்.

அளந்து பார்த்தால் ஒதுக்கமே இல்லை. சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் ஆய்வகத்தில் 2020-இல் வெளியான அளவீட்டின்படி, இருந்தாலும் அது 1.8 × 10⁻²⁶ செ.மீ.க்குக் கீழே. நியூட்ரானைப் பூமி அளவுக்கு ஊதிப் பெருக்கினால், நேரும் எதிரும் விலகியிருக்கும் தூரம் அதிகபட்சம் ஓரிரு மைக்ரான். தலைமுடியின் தடிமனில் ஐம்பதில் ஒரு பங்குகூடத் தேறாது. அப்படியானால் தீட்டா நூறு கோடியில் ஒரு பங்கைவிடச் சிறியது. ஏன் என்பதற்கு இன்று ஏற்கப்பட்ட துகள் கோட்பாட்டில் (ஸ்டாண்டர்ட் மாடல்) பதில் கிடையாது.

1977-இல் ராபர்ட்டோ பெச்சியும் ஹெலன் க்வின்னும் ஒரு வழி சொன்னார்கள். தீட்டாவை மாறா எண்ணாக வைக்காதே, இடத்துக்கு இடம், நேரத்துக்கு நேரம் மாறக்கூடிய ஒரு புலமாக ஆக்கு. அந்தப் புலத்தின் ஆற்றல் தீட்டா பூஜ்யமாக இருக்கும்போதுதான் மிகக் குறைவு. கிண்ணத்தில் போட்ட கோலிக்குண்டு அடிக்கு உருண்டு வந்து நிற்பதுபோல, புலம் தானாகப் பூஜ்யத்துக்கு வந்துவிடும். புலம் என்று ஒன்று இருந்தால் அதன் அதிர்வாகத் துகளும் இருக்க வேண்டும் என்று 1978-இல் ஸ்டீவன் வைன்பெர்க்கும் ஃபிராங்க் வில்செக்கும் தனித்தனியே காட்டினார்கள். அதுதான் ஆக்சியான்.

பெயர் எப்படி வந்தது?

ஒரு சலவைத்தூளின் பெயர். கோட்பாட்டில் ஒட்டியிருந்த கறையை வெளுத்ததால் வில்செக் அந்தப் பெயரை வைத்தார்.

இத்தனை லேசான துகள் ஒளிவேகத்தில் ஓடிவிடாதா? ஓடினால் விண்மீன் திரள் எப்படி உருவாகும்?

நல்ல கேள்வி. சாதாரண நியூட்ரினோக்கள் கரும்பொருளாக முடியாமல் போனதற்கு இதுதான் காரணம். அவை வெப்பக் குழம்பில் பிறந்தவை, வேகமாக ஓடி எல்லாக் கட்டிகளையும் கலைத்துவிடுகின்றன.

ஆக்சியான் பிறந்த விதம் வேறு. ஊஞ்சலை ஒரு பக்கம் இழுத்துப் பிடித்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஆரம்ப காலப் பிரபஞ்சத்தில் தீட்டா புலம் ஏதோ ஒரு கோணத்தில் நின்றது. பிரபஞ்சம் அப்போது படுவேகமாக விரிந்துகொண்டிருந்ததால் அந்த விரிவே உராய்வுபோல் புலத்தை நகரவிடவில்லை. விரிவு போதுமான அளவு மெதுவான பிறகு பிடி விட்டது. ஊஞ்சல் ஆடத் தொடங்கியது. அந்த ஆட்டத்தில் இருக்கும் ஆற்றல்தான் ஆக்சியான்கள். எங்கும் ஒரே தாளத்தில் ஆடுவதால் அவற்றுக்கு ஓட்டம் என்று ஏதும் கிட்டத்தட்ட இல்லை, எத்தனை லேசானாலும் குளிர்ந்தவை. பிறகு ஈர்ப்பில் சேர்ந்து, இன்று நம் பால்வீதியில் ஒளிவேகத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வேகத்தில் உலவுகின்றன. 1983-இல் மூன்று குழுக்கள் ஏறத்தாழ ஒரே சமயத்தில் இதைக் கணக்கிட்டன.

நிறை எவ்வளவு என்று தெரியுமா?

தெரியாது. மொத்தச் சிரமமும் அங்கேதான்.

கோட்பாட்டில் ஓர் ஆற்றல் அளவு வருகிறது. அது 10¹² கிகா எலக்ட்ரான்வோல்ட் என்றால் ஆக்சியானின் நிறை சுமார் 5.7 மைக்ரோ எலக்ட்ரான்வோல்ட். அந்த அளவு பத்து மடங்கு கூடினால் நிறை பத்து மடங்கு குறையும். மேல் எல்லையை விண்மீன்கள் தருகின்றன. 1987ஏ சூப்பர்நோவாவிலிருந்து நியூட்ரினோக்கள் பத்து வினாடிக்கு மேல் வந்தன. ஆக்சியான் கனமாக இருந்திருந்தால் அது ஆற்றலை அள்ளிக்கொண்டு போய் அந்த நேரத்தைக் குறைத்திருக்கும். இப்படிப் பார்த்தால் பலரும் தேடுவது ஒரு மைக்ரோவிலிருந்து ஒரு மில்லி எலக்ட்ரான்வோல்ட் வரை. ஆயிரம் மடங்கு அகலமான வரம்பு இது.

ஆய்வகத்தில் யாரும் நிறை என்று பேசுவதில்லை, அதிர்வெண்ணில்தான் பேசுவார்கள். 1 மைக்ரோ எலக்ட்ரான்வோல்ட் என்றால் 241.8 மெகாஹெர்ட்ஸ். இதை ஒன்றை மனப்பாடம் செய்தால் போதும். எஃப்எம் வரிசை 0.36 முதல் 0.45 மைக்ரோ எலக்ட்ரான்வோல்ட். 900 மெகாஹெர்ட்ஸ் செல்போன் அலை 3.7. வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் 9.9.

கருவி எப்படி வேலை செய்கிறது? உள்ளே என்னென்ன இருக்கும்?

1983-இல் பியர் சிகிவி சொன்ன யோசனை: வலுவான காந்தப்புலத்தில் ஆக்சியான் ஒரு ஃபோட்டானாக மாறலாம். மாறினால் அந்த ஃபோட்டானின் அதிர்வெண் ஆக்சியானின் நிறைக்கு நேர்ச் சமம். அதே அதிர்வெண்ணுக்குச் சுருதி சேர்த்த ஓர் உலோக உருளையைக் காந்தத்துக்குள் வைத்தால் மாறும் வாய்ப்பு பல்லாயிரம் மடங்கு கூடும். வானொலியைத் திருகி நிலையம் தேடுவது போலத்தான், நிலையம் எந்த எண்ணில் ஒலிபரப்புகிறது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இருக்கும் ஏடிஎம்எக்ஸ் இதில் மூத்தது. 1990களின் நடுவில் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் தொடங்கியது, பிறகு சியாட்டிலுக்கு இடம் மாறியது. அதன் உறுப்புகள்:

உருளை: சுமார் 1 மீட்டர் உயரம், 42 செ.மீ. விட்டம். துருப்பிடிக்காத எஃகின் மேல் செம்பு பூசியது. நுண்ணலை உலோகத்துக்குள் ஓரிரு மைக்ரான் ஆழம்தான் போகும். அதனால் முழுச் செம்பு தேவையில்லை, பூச்சு போதும்.

சுருதிக் கம்பிகள்: உருளைக்குள் நெட்டுக்குத்தாக இரண்டு செம்புக் கம்பிகள். அவை சுவரோரமிருந்து நடுவை நோக்கி வரவர அதிர்வெண் ஏறும். காலி உருளையின் அதிர்வெண் மெகாஹெர்ட்ஸில் 114.7-ஐ மீட்டர் கணக்கில் ஆரத்தால் வகுத்தால் வரும். 0.21 மீட்டருக்கு 546. கம்பிகளைக் கொண்டு அதை 600-க்கு மேல் கொண்டுபோகிறார்கள்.

காந்தம்: 7.6 டெஸ்லா மீகடத்தி (மின்தடை இல்லாத) சுருள், திரவ ஹீலியத்தில் மூழ்கியது.

குளிர்ப்பான்: ஹீலியம்-3, ஹீலியம்-4 கலவையில் ஓடுவது. உருளையைச் சுமார் 0.15 கெல்வினுக்குக் கொண்டுவரும்.

பெருக்கி: குவாண்டம் வரம்பை, அதாவது இயற்கை அனுமதிக்கும் மிகக் குறைந்த இரைச்சலை, ஒட்டி வேலை செய்யும் மீகடத்திப் பெருக்கி. முன்பு ஸ்குவிட் வகை, பிறகு ஜோசப்சன் வகை.

கிடைக்கும் குறி எவ்வளவு பலமாக இருக்கும்? அதிலிருந்து மின்சாரம் எடுக்க முடியுமா?

740 மெகாஹெர்ட்ஸில், 136 லிட்டர் கொள்ளளவு, 7.6 டெஸ்லா, தரக் காரணி (உருளை எத்தனை கூர்மையாக ஒத்ததிர்கிறது என்ற எண்) 30,000 என்று வைத்தால், பலவீனமான மாதிரியில் வரும் திறன் 2.2 × 10⁻²³ வாட். விநாடிக்கு சுமார் 45 ஃபோட்டான்கள். சிக்னல் ஒரே ஒரு கோடு காட்டும் இடத்தில் உங்கள் செல்போனுக்கு வந்து சேரும் திறன் இதைப்போல் பல நூறு கோடி மடங்கு.

மின்சாரக் கேள்விக்கு: பிரபஞ்சம் பிறந்த நாளிலிருந்து இன்றுவரை, 1,380 கோடி ஆண்டு, இந்தக் கருவியை ஓட்டிச் சேமித்தால் 9 வாட் எல்இடி பல்பை ஒரு மைக்ரோ விநாடி எரிக்கலாம்.

"பலவீனமான மாதிரி" என்றால்?

ஆக்சியான் ஃபோட்டானாக மாறும் பலத்துக்கு இரண்டு அளவுகோல் மாதிரிகள் உண்டு. கேஎஸ்விஇசட், டிஎஃப்எஸ்இசட் என்று அவற்றைக் கண்டவர்களின் முதலெழுத்துகளால் அழைப்பார்கள். முன்னதில் எண் 0.97, பின்னதில் 0.36. பார்க்கச் சின்ன வித்தியாசம்தான். ஆனால் திறன் இதன் இருபடி, அங்கே 7 மடங்கு போகிறது. தேவையான நேரம் திறனின் இருபடிக்குத் தலைகீழ், ஆகவே 50 மடங்கு. ஒருவர் "ஆக்சியானுக்கான உணர்திறனை எட்டினோம்" என்று அறிவித்தால் எந்த மாதிரிக்கு என்று முதலில் கேளுங்கள். பத்திரிகைச் செய்திகளில் பெரும்பாலும் விடுபடுவது இதுதான்.

ஏன் இவ்வளவு குளிர வைக்க வேண்டும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் தானே விளங்கும்.

ஆக்சியான்கள் சற்றே வேறுபட்ட வேகங்களில் ஓடுவதால் குறி ஒரே ஊசிமுனையில் வராது. அதிர்வெண்ணில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அகலத்துக்குப் பரவும். 740 மெகாஹெர்ட்ஸில் அது சுமார் 740 ஹெர்ட்ஸ். அந்த அகலத்துக்குள் வரும் வெப்ப இரைச்சலின் திறன் = போல்ட்ஸ்மான் மாறிலி × இரைச்சல் வெப்பநிலை × அகலம். கருவியின் மொத்த இரைச்சல் வெப்பநிலை (அதன் இரைச்சலை வெப்பநிலையாகச் சொல்லும் எண்) 0.5 கெல்வின் என்றால் 5 × 10⁻²¹ வாட். குறியைப்போல் 230 மடங்கு.

இதைச் சமாளிக்க ஒரே வழி, நெடுநேரம் கேட்டுச் சராசரி எடுப்பது. இரைச்சலின் ஏற்ற இறக்கம், அகலத்தையும் நேரத்தையும் பெருக்கி வரும் எண்ணின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் குறையும். குறி அந்த ஏற்ற இறக்கத்தைப்போல் 3.5 மடங்கு எழ வேண்டும் என்றால், ஓர் இடத்தில் சுமார் 15 நிமிடம் கேட்க வேண்டும். உருளைக்குள் பிறக்கும் திறன் முழுவதும் ஆன்டெனா வழியே வெளியே வராது, ஒரு பகுதி சுவரில் சூடாகப் போய்விடும். ஆகவே உண்மையில் இன்னும் கூடும்.

இதே கணக்கில் 0.5-க்குப் பதில் 4.2 கெல்வின், அதாவது திரவ ஹீலியத்தோடு நிறுத்திக்கொண்டால்? நேரம் வெப்பநிலையின் இருபடியில் ஏறும். 70 மடங்கு. 15 நிமிடம் என்பது 17 மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும்.

ஒரு தேடல் எப்படி நடக்கும்? படிப்படியாகச் சொல்லுங்கள்.

கம்பிகளைச் சற்றே நகர்த்தி அதிர்வெண்ணை ஒரு இரண்டு கிலோஹெர்ட்ஸ் மாற்றுவார்கள். வெளியிலிருந்து ஒரு மெல்லிய அலையைச் செலுத்தி உருளை எங்கே ஒத்ததிர்கிறது, தரக் காரணி எவ்வளவு, ஆன்டெனா எந்த ஆழத்தில் இருக்க வேண்டும் என்று அளப்பார்கள். பிறகு அந்த அலையை நிறுத்திவிட்டு 100 விநாடி சும்மா கேட்பார்கள். பதிவு செய்வார்கள். மறுபடி நகர்த்துவார்கள்.

தரக் காரணி 30,000 என்றால் ஒத்ததிர்வின் அகலம் 25 கிலோஹெர்ட்ஸ். நகர்வு அதைவிட மிகச் சிறியது என்பதால் ஒரே அதிர்வெண் பல பதிவுகளில் அடுத்தடுத்து விழும், எல்லாவற்றையும் எடையிட்டுக் கூட்டுவார்கள். 100 மெகாஹெர்ட்ஸ் கடக்க, 25 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் 4,000 இடம், இடத்துக்கு 15 நிமிடம், மொத்தம் 1,000 மணி. தாளில் ஆறு வாரம். நடைமுறையில் பல மாதம் ஆகும், ஏன் என்பது அடுத்த கேள்வியில்.

என்னென்ன கெட்டுப்போகும்?

முதல் தலைவலி மோட் கிராஸிங். உருளைக்குள் ஒரே ஒரு அதிர்வு மட்டும் இருப்பதில்லை. நமக்கு வேண்டியது மின்புலம் நெட்டுக்குத்தாக, காந்தப்புலத்துக்கு இணையாக நிற்கும் அதிர்வு. காலி உருளையில் அந்த இணக்கத்தின் அளவு 0.69, கம்பி வைத்த பிறகு 0.4 அளவில் வரும். வேறு பல அதிர்வுகள் கம்பிக்கு அசையாமல் ஒரே அதிர்வெண்ணில் நிற்கும். நம் அதிர்வு ஏறும்போது அவற்றில் ஒன்றோடு மோதினால் இரண்டும் கலந்துவிடும். இணக்கம் சரிந்துவிடும். அங்கே எத்தனை நாள் கேட்டாலும் பயனில்லை. முடிவு வரைபடங்களில் நடுநடுவே ஒல்லியான பிளவுகள் தெரிவது இதனால்தான். கம்பிகளை வேறு ஜோடி நிலைகளில் வைத்து அதே அதிர்வெண்ணுக்கு வர முடிந்தால் தப்பிக்கலாம்.

அடுத்தது கம்பி நகராமல் ஒட்டிக்கொள்வது. அந்தக் குளிரில் எண்ணெய், கிரீஸ் எதுவும் உதவாது. பற்சக்கரம் உரசினால் வரும் சூடே குளிர்ப்பானுக்குச் சுமை. வேகமாக நகர்த்தினால் உருளை சூடாகும், மறுபடி குளிரும்வரை காத்திருக்க வேண்டும்.

பெருக்கியும் காந்தமும் ஜன்மப் பகை. மீகடத்திப் பெருக்கி மிகச் சிறிய காந்தப்புலத்திலும் தடம் புரளும். 7.6 டெஸ்லா இருப்பதோ பக்கத்தில். அதனால் பெருக்கியைச் சற்று மேலே தள்ளி, எதிர்ப்புலம் தரும் தனிச் சுருளுக்குள் வைத்து, மேலும் காந்தக் கவசம் போடுவார்கள். அப்படியும் பெருக்கம் மெல்ல நழுவும். அவ்வப்போது நிறுத்தி மறுபடி சரிசெய்ய வேண்டும்.

கண்ணில் படாத பிழை ஒன்று உண்டு: இரைச்சல் வெப்பநிலையைத் தப்பாக அளப்பது. தெரிந்த வெப்பநிலைக்குச் சூடாக்கிய ஒரு தடையோடு பெருக்கியை இணைத்து ஒப்பிட்டுத்தான் அதை அளக்கிறார்கள். அந்தத் தடைக்கும் பெருக்கிக்கும் நடுவே கேபிளில் போகும் இழப்பைச் சரியாகக் கணக்கில் எடுக்காவிட்டால், கருவி நன்றாகக் கேட்பதாக நினைத்துக்கொண்டிருப்போம். குறி இருந்தும் "இல்லை" என்று எழுதிவிடுவோம். மற்றப் பிழைகள் வேலையை நிறுத்தும், இது வேலையைப் பொய்யாக்கும்.

ஒரு குறி தெரிந்தால் அது ஆக்சியான்தான் என்று எப்படி உறுதிசெய்வார்கள்?

வரிசையாகச் சல்லடை போடுவார்கள். முதலில் அதே இடத்தில் மறுபடி கேட்பது. இரைச்சலின் தற்செயல் மேடுகள் இங்கேயே கரைந்துவிடும். அடுத்து, உருளையின் ஒத்ததிர்வை அந்தக் குறியின் இருபுறமும் நகர்த்திப் பார்ப்பது. உள்ளே பிறந்த குறி என்றால் ஒத்ததிர்வின் வடிவத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும். கேபிள் வழியே கசிந்த வானொலி என்றால் அது பாட்டுக்கு ஒரே உயரத்தில் நிற்கும். ஆய்வகத்துக்கு வெளியே ஆன்டெனா வைத்தும் தேடுவார்கள். பிறகு, இணக்கம் பூஜ்யமாக இருக்கும் இன்னொரு அதிர்வுக்கு மாறுவது. ஆக்சியான் என்றால் அங்கே மறைய வேண்டும்.

கடைசிச் சோதனை காந்தத்தை இறக்குவது. திறன் காந்தப்புலத்தின் இருபடியில் குறைய வேண்டும், பாதிப் புலத்தில் கால் பங்கு. புலத்தையே அணைத்த பிறகும் குறி நின்றால் அது ஆக்சியான் இல்லை. ஆனால் குப்பையாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை: டார்க் ஃபோட்டான் என்ற இன்னொரு கற்பனைத் துகளுக்குக் காந்தமே தேவையில்லை.

குழுவையே சோதிக்கவும் ஒரு ஏற்பாடு உண்டு. போலி ஆக்சியான் குறியை ரகசியமாக உள்ளே செலுத்துவார்கள். பகுப்பாய்வு செய்பவர்களுக்கு எந்த அதிர்வெண் என்று தெரியாது. அது அவர்கள் வலையில் சிக்கவில்லை என்றால் உண்மையானதும் சிக்காது.

இதுவரை என்ன கிடைத்தது?

ஆக்சியான் கிடைக்கவில்லை. 2018, 2020, 2021 ஆண்டுகளில் வெளியிட்ட முடிவுகளில் ஏடிஎம்எக்ஸ் 2.66-லிருந்து சுமார் 4.2 மைக்ரோ எலக்ட்ரான்வோல்ட் வரை நல்ல உணர்திறனோடு அலசிவிட்டது. தென்கொரியாவின் டேஜோனில் 12 டெஸ்லா காந்தத்தோடு ஒரு குழு 4.55-ஐச் சுற்றி டிஎஃப்எஸ்இசட் உணர்திறனை எட்டி 2023-இல் வெளியிட்டது. யேல் பல்கலைக்கழகத்தில் ஹேஸ்டாக் குழு 17-ஐ ஒட்டி, குவாண்டம் இரைச்சலை ஒரு பக்கம் பிதுக்கும் உத்தியால் தேடல் வேகத்தை இரட்டிப்பாக்கியது. அது 2021.

"இல்லை" என்பதற்குப் பின்னால் நிபந்தனைகள் இருக்கின்றன. கரும்பொருள் முழுவதும் ஆக்சியான், இங்கே அடர்த்தி 0.45, அது சீராகப் பரவியிருக்கிறது என்று மூன்றையும் ஏற்றுக்கொண்டால்தான் அந்த விலக்கு செல்லும். பாதிதான் ஆக்சியான் என்றால் திறனும் பாதி. ஆக்சியான்கள் பெரும்பாலும் சிறு கட்டிகளாகச் சேர்ந்திருந்து நாம் இடைவெளியில் போய்க்கொண்டிருந்தால், சரியான அதிர்வெண்ணில் நின்றும் மௌனத்தைத்தான் கேட்டிருப்போம்.

2020-இல் ஆக்சியானைக் கண்டுபிடித்துவிட்டதாகச் செய்தி வந்ததே?

அது செனான்-என்டிக்கு முந்தைய கருவியான செனான்-1டி தந்த செய்தி. எதிர்பார்த்த 232 நிகழ்வுகளுக்குப் பதில் 285 வந்தன. சூரியனில் பிறக்கும் ஆக்சியான் என்பது சொல்லப்பட்ட விளக்கங்களில் ஒன்று. மிகச் சிறிதளவு டிரிட்டியம் (கதிரியக்க ஹைட்ரஜன்) கலந்திருந்தாலும் இதே விளைவு வரும் என்று அந்தக் கட்டுரையிலேயே இருந்தது. 2022-இல் இன்னும் தூய்மையான செனான்-என்டியில் அந்த மிகை காணாமல் போயிற்று. சூரிய ஆக்சியான் வந்திருந்தாலும் அதுவே கரும்பொருள் என்று ஆகியிருக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கும் மலையைக் குடைய வேண்டுமா? தேனி நியூட்ரினோ திட்டம் இதற்குத்தானா?

இரண்டுக்கும் இல்லை. விம்ப் தேடுபவர்கள் ஆழத்துக்குப் போவது காஸ்மிக் கதிர்களிலிருந்து தப்பிக்க. ஜார்க்கண்டில் ஜாதுகுடா யுரேனியச் சுரங்கத்தில் 555 மீட்டர் ஆழத்தில் இருக்கும் ஆய்வகம் அந்த வகை. ஆக்சியான் உருளை கேட்பது ரேடியோ அலையை. அதன் எதிரி செல்போன் கோபுரம்தான், காஸ்மிக் கதிர் அல்ல. நல்ல உலோகக் கவசம் போட்டுப் பல்கலைக்கழக வளாகத்திலேயே வைக்கலாம், ஏடிஎம்எக்ஸ் அப்படித்தான் இருக்கிறது. தேனி பொட்டிப்புரத்தில் திட்டமிட்டது 50,000 டன் இரும்பு கொண்டு வளிமண்டல நியூட்ரினோக்களை அளக்கும் கருவி. கரும்பொருள் அதன் முதன்மை நோக்கமே அல்ல.

நிறை கூடுதலாக இருந்தால் சின்ன உருளை செய்துகொண்டால் ஆயிற்றே?

ஆகாது. 10 கிகாஹெர்ட்ஸுக்கு ஆரம் 1.15 செ.மீ. வந்துவிடும். அதே விகிதத்தில் சுருக்கினால் கொள்ளளவு அதிர்வெண்ணின் மும்மடியில் தேயும். 136 லிட்டர் இருந்த இடத்தில் ஒரு விரல் அளவு. குறியும் அதோடு தேயும், குவாண்டம் இரைச்சலோ அதிர்வெண்ணோடு ஏறும். பல உருளைகளை ஒரே சுருதியில் பூட்டுவது, காந்தத்திலும் தாக்குப்பிடிக்கும் மீகடத்தி நாடாவைச் சுவரில் ஒட்டுவது, உருளையையே கைவிட்டுத் தட்டுகளை அடுக்குவது என்று வழி தேடுகிறார்கள். தட்டு வழி ஜெர்மனியின் மேட்மாக்ஸ். பல கோட்பாட்டுக் கணக்குகள் 20-லிருந்து 200 மைக்ரோ எலக்ட்ரான்வோல்ட் பக்கம் கைகாட்டுவதால் இந்தப் போராட்டம் வேண்டாத வேலை இல்லை.

கல்லூரி ஆய்வகத்தில் இதன் ஒரு பகுதியையாவது செய்து பார்க்க முடியுமா?

ஆக்சியானைத் தேட முடியாது, உருளையைப் புரிந்துகொள்ள முடியும். தேவை: 20 செ.மீ. விட்டம், 25 செ.மீ. உயரம் உள்ள, மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பா. 1.5 கிகாஹெர்ட்ஸ் வரை அளக்கும் நானோ விஎன்ஏ (ரேடியோ அலையின் பிரதிபலிப்பை அளக்கும் சிறு கருவி). ஒரு எஸ்எம்ஏ கனெக்டர் (கேபிளை இணைக்கும் திருகு முனை). டப்பா உயரத்துக்குக் கொஞ்சம் குறைவான பித்தளைக் கம்பி.

மூடியின் நட்டநடுவில் துளையிட்டு, கனெக்டரின் பின் உள்ளே ஒரு செ.மீ. நேராக நீட்டிக்கொண்டிருக்கும்படி பொருத்துங்கள். பிரதிபலிப்பு வரைபடத்தில் 1,147 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் தெரியும். கம்பியை டப்பா அச்சுக்கு இணையாகச் சுவரோரம் நிறுத்தி, பிறகு நடுவை நோக்கி நகர்த்துங்கள், பள்ளம் மேலே போகும். கம்பிக்குப் பதில் டெஃப்லான் தண்டு வைத்தால் கீழே போகும்.

பள்ளம் அகலமாக, மழுங்கலாக இருந்தால் மூடியைப் பாருங்கள். இந்த அதிர்வில் சுவரில் ஓடும் மின்னோட்டம் மேலிருந்து கீழாக ஓடி மூடியின் விளிம்பைக் கடந்தாக வேண்டும். விளிம்பு சரியாகத் தொடாவிட்டால் அங்கேயே ஆற்றல் போய்விடும். எவர்சில்வருக்குக் கணக்குப்படி தரக் காரணி 5,000-க்கு மேல் வர வேண்டும், முதல் முயற்சியில் சில நூறுதான் வரும். செம்பு நாடாவைச் சுற்றி ஒட்டி இறுக்கினால் ஏறுவதைப் பார்க்கலாம்.

1,064 பக்கம் இன்னொரு சின்னப் பள்ளம் தெரிந்தால் அதை நம்முடையது என்று எண்ணிவிடாதீர்கள். பின் சாய்ந்திருந்தாலோ டப்பா நசுங்கியிருந்தாலோ எட்டிப்பார்க்கும் வேறொரு அதிர்வு அது. பிரித்தறிய, டப்பாவுக்குள் சரியாகப் பொருந்தும் உலோகத் தட்டு ஒன்றைப் போட்டு, சுவரை நன்றாகத் தொடும்படி வைத்து, உயரத்தைக் குறையுங்கள். நம் அதிர்வு உயரத்தைப் பொருட்படுத்தாது, 1,147-லேயே நிற்கும். மற்றது ஏறிக்கொண்டே வரும். உயரம் 20 செ.மீ. ஆகும்போது இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, எது எது என்று தெரியாமல் குழம்பும். மேலே சொன்ன மோட் கிராஸிங் அதுதான்.